கடுமை வேறு, கொடுமை வேறு

(கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விடியும் முன்னரே எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நிரை பிடித்து மரம் வெட்டி, பால் எடுத்து நிறுவையில் கொடுத்து, அதன்பின் வீட்டு வேலைகளையும் முடித்துக்கொண்டு இம்மாலை வேளையில் இங்கு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். களைத்த உடலோடு வந்திருப்போரிடம் பல செய்திகளைக் கொட்டிக் குவிப்பது முறையாகாது. ஆகவே ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசலாம் என்று எண்ணுகின்றேன். அச்சொல் ‘கடுமை’ என்பதாகும்.

சொல்லாராய்ச்சி பள்ளிக்கூடத்திற்கு உரியது, தோட்டத்துக்கு அது எதற்கு என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். ஒரு சொல்லின் பொருளைத் தவறாகக் கொண்டதனால் ஒரு குடும்பம் தன் பிழைப்பையே இழக்கும் நிலைக்குச் சென்றதை அண்மையில் என் கண்ணாலேயே கண்டேன். அதனைச் சொல்லித் தொடங்குவதே பொருத்தம்.

சில வாரங்களுக்கு முன், ஐம்பது வயதைக் கடந்த தொழிலாளர் ஒருவர் கையில் ஒரு கடிதத்துடன் என்னைக் காண வந்தார். கடிதம் மலாய் மொழியில் இருந்தது. மரங்களில் காயம் படும்படி வெட்டியமைக்காக அவருக்கு ‘அமாரான் கெராஸ்’ விடுக்கப்படுவதாக அதில் எழுதப்பட்டிருந்தது.

“ஐயா, கெராஸ் என்றால் கடுமை என்று என் மகன் சொன்னான். அப்படியானால் வேலை போய்விட்டது என்றுதானே பொருள்? இரண்டு நாளாக நான் பெரட்டுக்குப் போகவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று வீட்டில் அழுதுகொண்டிருக்கின்றாள்” என்றார்.

கடிதத்தை முதலிலிருந்து முடிவு வரை படித்துப் பார்த்தேன். வேலை நீக்கம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. “அண்ணே, இஃது எச்சரிக்கை மட்டுமே. நாளைக் காலையில் முதல் ஆளாகப் பெரட்டில் போய் நில்லுங்கள். வராத இரண்டு நாளுக்கும் காரணத்தை எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லி, அப்பொழுதே அதனை எழுத உதவினேன். நான் ஏன் அவ்வளவு விரைவுபடுத்தினேன் என்பதைப் பின்னர் விளக்குகின்றேன். முதலில் அவரை அஞ்சி நடுங்கச் செய்த அச்சொல்லைப் பார்ப்போம்.

சொல்லின் பிறப்பு

கடுமை என்பதில் ‘கடு’ என்பது வேர். ‘மை’ என்பது பண்பைக் காட்டும் விகுதி. நன்மை, இனிமை, பொறுமை என்பவை போன்றதே இதுவும். வேறொரு சொல்லோடு சேரும்போது ‘மை’ நீங்கிவிடும். வருகின்ற எழுத்துக்கு இனமான மெல்லெழுத்து இடையில் தோன்றும். கடுங்குளிர், கடுஞ்சொல், கடுந்தவம் என்று நாம் எழுதுவது இம்முறையால்தான். தமிழ்ப்பள்ளியில் பயிலும் உங்கள் பிள்ளைகள் ‘கடும்சொல்’ என்று எழுதினால் திருத்திவிடுங்கள்.

கடு என்னும் வேர் நம் மொழிக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் ‘கடு’ என்றால் மிகுதி. கன்னடத்திலும் அவ்வாறே; ‘கடுபடவ’ என்றால் மிகவும் ஏழை. மலையாளத்தார் தேநீருக்குக் ‘கடுப்பம்’ வேண்டும் என்பர். வடமொழியிலும் காரச் சுவைக்குக் ‘கடு’ என்ற சொல் உண்டு. அதனைத் திராவிட மொழிகளிலிருந்து வடமொழி பெற்றது என்று கருதும் ஆய்வாளர் உளர். ஆக, இவ்வேரின் அடிப்படைப் பொருள் மிகுதி, உறைப்பு, வலிமை என்பனவே.

இந்த அடிப்படையிலிருந்து எத்தனை கிளைகள் பிரிந்துள்ளன என்பதை நம் அன்றாடப் பேச்சிலேயே காணலாம். சமையலறையில் உள்ள கடுகு தன் உறைப்பால் அப்பெயர் பெற்றது என்பர். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது நம் பழமொழி. நாள் முழுவதும் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கினால் கால் கடுக்கின்றது. தேள் கொட்டினால் கடுப்பு ஏறுகின்றது. சினம் கொண்டவர் முகம் கடுகடு என்று இருக்கின்றது. விரைந்து வா என்பதைக் ‘கடுகி வா’ என்றும் ‘கடிது வா’ என்றும் சொல்வது இலக்கிய வழக்கு. பழைய நூல்களில் கடு என்றால் நஞ்சு என்னும் பொருளும் உண்டு. சுவை, வலி, சினம், விரைவு, நஞ்சு என்று இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போல் தோன்றினாலும், யாவற்றிலும் ஓங்கி நிற்பது மிகுதி என்னும் ஒரே கருத்துத்தான்.

இதற்கு நெருங்கிய உறவினதாகிய ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் பத்துப் பொருள் வகுத்துள்ளார். காவல், கூர்மை, புதுமை, விரைவு, மிகுதி, சிறப்பு, அச்சம் ஆகியவை அவற்றுள் அடங்கும். அச்சமும் இருக்கின்றது, காவலும் சிறப்பும் இருக்கின்றன. அச்சத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு மற்றவற்றை நாம் மறந்துவிடலாகாது.

முற்காலத்தில் இச்சொல்லைத் தமிழர் பெருமைக்குரிய ஒன்றாகவே கருதினர் என்பதற்குச் சான்று உண்டு. சேர மன்னருள் ஒருவர் பெயர் செல்வக் கடுங்கோ வாழியாதன். சங்கப் புலவருள் ஒருவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. தமிழகத்தில் கரூருக்கு அருகில் உள்ள புகழூர் மலையில் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் பாறையில் வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்றில் பெருங்கடுங்கோன், இளங்கடுங்கோ என்ற பெயர்களை இன்றும் காணலாம். கடுங்கோ என்றால் வலிமை மிக்க அரசன். மக்களைத் துன்புறுத்துபவன் என்ற பொருள் இருந்திருக்குமானால் எந்த அரசனும் அப்பெயரைத் தன் மகனுக்குச் சூட்டியிருக்க மாட்டான்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கடு என்று தொடங்கும் சொற்கள் யாவும் இவ்வேரில் பிறந்தவை அல்ல. கடிதத்தைக் கடுதாசி என்கின்றோமே, அது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்து நம்மோடு தங்கிவிட்ட சொல். கணக்குக் கடினமாக இருக்கின்றது என்று பிள்ளைகள் சொல்லும் ‘கடினம்’ வடமொழிச் சொல். செய்வதற்கு எளிதாக இல்லாதது கடினம். அளவில் மிகுந்து நிற்பது கடுமை. கணக்குக் கடினம், வெயில் கடுமை. மருத்துவர் ‘கடுமையான காய்ச்சல்’ என்று சொன்னால், நோயின் அளவு மிகுந்துவிட்டது, காலந்தாழ்த்தக் கூடாது என்பதே அதன் பொருள்.

கண்டிப்பும் கொடுமையும்

கடுமைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சொற்கள் வாழ்கின்றன. ஒன்று கண்டிப்பு, மற்றொன்று கொடுமை. இம்மூன்றையும் நாம் பேச்சில் கலந்துவிடுகின்றோம். அந்தக் கலப்பிலிருந்துதான் பல தொல்லைகள் பிறக்கின்றன.

கண்டிப்பு என்பது துண்டாக்குதல், அறுத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. ஒன்றை அளவாக வெட்டி எல்லை காட்டுவது கண்டிப்பு. ஆதலால்தான் ‘கண்டிப்பாக வருகின்றேன்’ என்று சொல்கின்றோம். அங்கே கோபம் ஏதும் இல்லை, உறுதிதான் இருக்கின்றது. ‘இந்த மண்டோர் கண்டிப்பானவர்’ என்றால் அவர் சொன்ன நேரம் சொன்ன நேரமே, சொன்ன அளவு சொன்ன அளவே என்று பொருள்.

கொடுமை என்பதோ முற்றிலும் வேறான வேரிலிருந்து பிறந்தது. ‘கொடு’ என்றால் வளைவு. வளைந்த வாளுக்குக் கொடுவாள் என்று பெயர். நேராக நிற்கும் கோல் செங்கோல்; வளைந்த கோல் கொடுங்கோல். இலக்கணம் பிறழாத தமிழைச் செந்தமிழ் என்றும், வட்டாரத்துக்கு வட்டாரம் திரிந்து வழங்கும் தமிழைக் கொடுந்தமிழ் என்றும் முன்னோர் கூறினர். கொடுந்தமிழ் என்றால் கொடுமையான தமிழ் என்று அஞ்ச வேண்டா. நேர்கோட்டிலிருந்து சற்று விலகிய தமிழ் என்பதே பொருள். சிலப்பதிகாரத்தில், ஆராயாமல் கோவலனைக் கொல்லப் பணித்த பாண்டிய மன்னன், தன் கோல் வளைந்துவிட்டது என்று உணர்ந்த அக்கணமே உயிர் துறந்தான். அவன் பிழை தண்டனையின் கடுமை மட்டுமன்று. ஆராயாமல் தீர்ப்பளித்ததே அவன் கோலை வளைத்தது.

ஆக, கடுமை என்பது அளவைப் பற்றிய சொல். கொடுமை என்பது நேர்மையைப் பற்றிய சொல். இதுவே இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி. நேராக இருக்கும் கடுமை உண்டு. மென்மையாகத் தோன்றும் கொடுமையும் உண்டு. சிரித்துக்கொண்டே ஒருவன் கூலியைக் குறைத்து எழுதினால் அதில் கடுமை இல்லை, ஆனால் அது கொடுமை.

இதற்கு நம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமே ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் நகரம் தீயாலும் வெள்ளத்தாலும் பெரும் அழிவுக்கு உள்ளாயிற்று. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்ட வீடுகளுக்கு மாற்றாகச் செங்கற் கட்டடங்கள் எழுந்தன. அதற்கான செங்கற் சூளைகள் அமைந்த இடமே பிற்காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. களிமண் செங்கல்லாக வேண்டுமானால் கடுந்தீ வேண்டும். தீ போதாவிட்டால் கல் மழையில் கரையும். ஆனால் அளவு கடந்து சுட்டால் கல் வளைந்து கோணிவிடும், சுவருக்கு உதவாது. கடுமை எல்லை மீறும்போது வளைவு வந்துவிடுகின்றது என்பதைச் சூளையில் வேந்த கல்லே காட்டுகின்றது.

உங்கள் கையில் உள்ள வெட்டுக்கத்தியும் இதையே சொல்லும். பால் நாளங்கள் பட்டையின் உட்புறத்தில்தான் மிகுதியாக உள்ளன. மேலோடு மேலாக வெட்டினால் பால் போதிய அளவு வடியாது. ஆழ வெட்டித் தண்டை ஒட்டிய மெல்லிய படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும்; புதிதாக வளரும் பட்டை முடிச்சு முடிச்சாக எழும்; மீண்டும் அவ்விடத்தில் ஒழுங்காக வெட்ட இயலாது. ஆகவேதான் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையை விட்டு வெட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருகின்றனர். கத்தி கூர்மையாகத்தான் இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி பட்டையைப் பிய்த்துவிடும். கூர்மை குற்றமன்று, எல்லை தாண்டுவதே குற்றம்.

வள்ளுவப் பெருந்தகையும் ‘வெருவந்த செய்யாமை’ என்னும் 57ஆம் அதிகாரத்தில் ஆள்வோருக்கு இதனையே அறிவுறுத்துகின்றார். தண்டிக்கக் கோலை ஓங்கும்போது வலிமையாக ஓங்கலாம். அடி விழும்போது அஃது அளவோடு, மென்மையாக விழ வேண்டும் என்பது அவர் கருத்து. கடுஞ்சொல்லும் அளவு மீறிய தண்டனையும் ஆள்வோனின் வலிமையையே அரம்போல் தேய்த்துவிடும் என்றும் அவர் கூறுகின்றார்.

1941: கிள்ளான் கற்பித்த பாடம்

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் நூல்களில் படித்து அறியவில்லை, வாழ்ந்து அறிந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. ஆயினும் அம்முறைகள் வளர்த்துவிட்ட பழக்கங்கள் தோட்டங்களில் தொடர்ந்தன.

1941ஆம் ஆண்டில் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களுள் ஒருவராகிய ஆர். எச். நாதனும் அவர்களுக்கு வழிகாட்டினர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளை இன்று எண்ணிப் பார்த்தாலும் நெஞ்சு கனக்கும். சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம், பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்கு இழைக்கப்படும் இழிவுகளுக்கு முடிவு, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை அவற்றுள் சில. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைமாரும் அலுவலரும் எதிரில் வரும்போது சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பதே அது.

நம் இளைஞர்களுக்கு இது விளங்காமல் போகலாம். உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒருவன் சைக்கிள் வாங்கியிருக்கின்றான். எதிரில் அதிகாரி வந்தால் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். இறங்காவிட்டால் குற்றம்.

இங்கேதான் நம் இரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். விடியற்காலை இருட்டில் எழுந்து வேலைக்குப் போவது கடுமை. ஆனால் அதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறினால் இலைகளின் வழியே நீர் ஆவியாகி, மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து, பால் ஓட்டம் தளரும். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்கு வடியும். அந்தக் கடுமையை மரம் கேட்கின்றது, மனிதன் ஒப்புக்கொள்கின்றான். சைக்கிளைவிட்டு இறங்கு என்பதை எந்த மரமும் கேட்கவில்லை. அதனால் ஒரு சொட்டுப் பால்கூடக் கூடுதலாக வடியவில்லை. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் முன் சிறுமைப்படுத்துவதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. ஆகவே அது கடுமை அன்று, கொடுமை. அந்தத் தொழிலாளர் தங்கள் கோரிக்கைகளில் விடியற்காலை வேலையை எதிர்க்கவில்லை. கணக்கற்ற நீண்ட வேலை நேரத்தையும் சிறுமையையும்தான் எதிர்த்தனர். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத அம்மக்கள் இவ்விரு சொற்களின் வேறுபாட்டை எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தனர் என்பதை எண்ணி வியக்கின்றேன்.

அந்த ஆண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்கள் நடந்த மண்ணில்தான் நாம் இன்று கூடியிருக்கின்றோம். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வாசலில் வரிசையாக நிற்கின்றன. யாரைக் கண்டும் நீங்கள் இறங்க வேண்டியதில்லை. மரியாதைக்காகத் தலையசைத்து வணங்கினால் அது நம் பண்பு. அச்சத்துக்காக இறங்கினால் அது நம் முன்னோரை மறப்பதாகும்.

சட்டத்தின் அளவுகோல்

விடுதலைக்கு முன்பின்னான ஆண்டுகளில் நிலை மாறத் தொடங்கிற்று. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்தது. 1955இல் வேலைச் சட்டமும் 1967இல் தொழில் உறவுச் சட்டமும் வந்தன. 1970இல் பறைசாற்றப்பட்ட ருக்குன் நெகாராவின் நான்காவது கோட்பாடு சட்டத்தின் மேலாண்மையைப் போற்றுகின்றது. சட்டம் கடுமையாக இருக்கலாம். ஆனால் அது வளையக் கூடாது என்பதே அதன் உட்பொருள்.

இனி, நான் தொடக்கத்தில் கூறிய அந்தக் கடிதத்துக்கு வருவோம். இத்தகைய கடிதம் உங்களுக்கு வந்தால் மூன்று சொற்களைத் தேடிப் பாருங்கள். ‘தூன்ஜோக் செபாப்’ என்றிருந்தால் உங்களிடம் விளக்கம் கேட்கின்றார்கள் என்று பொருள். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் எழுத வேண்டும். ‘அமாரான்’ என்றிருந்தால் எச்சரிக்கை. ‘கெராஸ்’ என்பது சேர்ந்தால் எச்சரிக்கையின் அளவு மிகுந்துள்ளது, அவ்வளவே. ‘பெம்பெர்ஹெந்தியான்’ என்றிருந்தால்தான் வேலை நிறுத்தம் பற்றிய பேச்சு. மலாய் மொழியிலும் இச்சொற்களுக்குத் தனித்தனி எல்லை உண்டு. கெராஸ் என்பது கடுமை. தெகாஸ் என்பது கண்டிப்பு, உறுதி. கெஜாம் என்பதே கொடுமை. கெராஸ் என்று எழுதியவர் கெஜாம் என்று எழுதவில்லை.

ஒழுங்கீனம் என்று ஒருவர்மேல் குற்றம் சாட்டப்பட்டால், முறையான விசாரணைக்குப் பின்னரே வேலையிலிருந்து நீக்கவோ, பதவியைக் குறைக்கவோ, அதனினும் சிறிய தண்டனை விதிக்கவோ முதலாளிக்கு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடமளிக்கின்றது. தண்டனையாகச் சம்பளமின்றி நிறுத்தி வைப்பதாயின் அது இரண்டு வாரத்துக்கு மேற்படக் கூடாது. விசாரணைக்காக நிறுத்தி வைக்கும் காலமும் இரண்டு வாரத்துக்கு மேற்படக் கூடாது. அக்காலத்துக்குப் பாதிச் சம்பளமேனும் கொடுக்க வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்படாவிட்டால் பிடித்த மீதியையும் கொடுத்துவிட வேண்டும். நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் ஒருவர், நீக்கப்பட்ட 60 நாட்களுக்குள் தொழில் உறவுத் துறையிடம் முறையிடலாம். அந்த 60 நாட்களை வீட்டில் அழுதும், கடையில் அமர்ந்து பேசியும் கழித்துவிட்டுப் பிறகு வந்தால் உதவி செய்ய நினைப்பவர் கையும் கட்டப்பட்டுவிடும்.

கடிதத்தைப் பெறும்போது கையொப்பம் கேட்பார்கள். ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஒப்பமிடுவது வேறு. ‘குற்றத்தை ஒப்புக்கொள்கின்றேன்’ என்று ஒப்பமிடுவது வேறு. எது என்று படித்துத் தெரிந்துகொண்டு, தெரியாவிட்டால் சங்கப் பொறுப்பாளரையோ படித்த பிள்ளையையோ படிக்கச் சொல்லிக் கேட்டு, அதன்பின் ஒப்பமிடுங்கள். கடிதத்தின் படி ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரை நான் ஏன் விரைவுபடுத்தினேன் என்பதை இப்பொழுது சொல்கின்றேன். முன்னனுமதி பெறாமலும், தக்க காரணத்தைத் தெரிவிக்காமலும், தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் ஒருவர் வராமல் இருந்தால், அவர் தம் வேலை ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார் என்று அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகின்றது. அவர் இரண்டு நாள் போகாமல் இருந்துவிட்டார். மூன்றாம் நாளும் போகாவிட்டால், வெறும் எச்சரிக்கையாக வந்த ஒன்றை அவரே தம் கையால் வேலை நீக்கமாக மாற்றிக்கொண்டிருப்பார். முதலாளி நீக்கவில்லை, சட்டம் நீக்கவில்லை, ‘கடுமை’ என்ற சொல்லைக் ‘கொடுமை’ என்று படித்ததால் வந்த அச்சம் நீக்கியிருக்கும். நல்ல வேளையாக அவர் மறுநாள் சென்றார். மண்டோரிடம் கத்தியைத் தீட்டிக் காட்டி, ஆழத்தை மீண்டும் பழகிக்கொண்டார். இன்றும் அதே நிரையில்தான் வெட்டி வருகின்றார்.

அதிகாரம் கையில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். மண்டோராகவும் கங்காணியாகவும் உள்ளவர்கள் இங்கும் இருக்கின்றீர்கள். உங்கள் கண்டிப்பு நேரானதா என்று அறிய மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். விதியை முன்னதாகவே எல்லார்க்கும் சொன்னேனா? வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் எல்லார்க்கும் ஒன்றாகவே நடத்துகின்றேனா? தண்டிப்பதற்கு முன் அவர் சொல்வதைக் கேட்டேனா? மூன்றுக்கும் ஆம் என்றால் உங்கள் கடுமையைத் தொழிலாளர் பொறுப்பார்கள். பின்னொரு நாள் நன்றியும் சொல்வார்கள். ஒன்றுக்கேனும் இல்லை என்றால் கோல் வளையத் தொடங்கிவிட்டது என்று அறியுங்கள்.

வீட்டுக்குள் கடுமை

இக்கேள்விகள் வீட்டுக்கும் பொருந்தும். ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா’ என்று ஆசிரியரிடம் சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் நம்மிடையே நிறைய இருந்தனர். ஆசிரியர் பயிற்சி முடித்து நான் வகுப்புக்குச் சென்ற முதலாண்டில், நாள்தோறும் தாமதமாக வந்த ஒரு சிறுவனை அனைவர் முன்னிலையிலும் கடிந்து, காலைப் பொழுது முழுவதும் வாசலில் நிற்க வைத்தேன். நான் கண்டிப்பானவன் என்ற பெருமை எனக்கு. தாயும் தந்தையும் விடியுமுன் மரம் வெட்டப் போய்விட, தங்கையை எழுப்பி உடுத்தி, ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அவன் ஓடி வருகின்றான் என்பதைப் பின்னரே அறிந்தேன். மூன்றாவது கேள்வியை நான் கேட்கத் தவறிவிட்டேன். அவன் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. அந்த அமைதி இன்றும் என்னைச் சுடுகின்றது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளிடம் கண்டிப்பாக இருங்கள். படிக்கும் நேரம் படிப்புக்கே என்றால், அந்த நேரத்தில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நீங்களும் அணைத்து வையுங்கள். ஆனால் வேலையிடத்துச் சினத்தையும் குடித்த மயக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைமேல் இறக்கிவிட்டு, அதற்குக் கண்டிப்பு என்று பெயர் சூட்டாதீர்கள். அதற்கு உரிய பெயர் கொடுமை. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். அப்பா கடுமையாகப் பேசினார் என்று மனம் சுருங்கிவிடாதீர்கள். காலையில் கால் கடுக்க நடந்தவர் அவர். கடுமையாக உழைத்தவர் என்று ஒருவரைப் போற்றும்போதும் நாம் இதே சொல்லைத்தானே எடுத்து வழங்குகின்றோம்!

அன்பர்களே, இன்று வீட்டுக்குப் போகும்போது இரண்டு சொற்களையும் தனித்தனியாக எடுத்துச் செல்லுங்கள். கடுமை வரும்போது, இதற்குக் காரணம் என்ன, அளவு என்ன என்று கேளுங்கள். காரணமும் அளவும் சரியாக இருந்தால் தோள் கொடுத்துத் தாங்குங்கள். கொடுமை வரும்போது, அதைக் கடுமை என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டிராமல், சட்டம் காட்டும் வழியில், உரிய நாளுக்குள், எழுத்தில் முறையிடுங்கள். நம் பாட்டன்மார் உயிரைக் கொடுத்துப் பிரித்துக் காட்டிய இவ்விரு சொற்களையும் நாம் மீண்டும் ஒன்றாகக் குழப்பிவிடலாகாது.